பழைய கம்ப்யூட்டருக்கு முதல்முறை கரண்ட் கொடுத்த அனுபவம், உங்களுக்கு எப்படி?

நங்கநல்லூரிலிருந்து:

2019-ல் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எனக்கு ஒரு பிபிசி மைக்ரோ கிடைத்தது, எண்பதுகளில் வந்த பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். பழைய மிக்ஸி, தையல் மெஷின் தலை, கொத்துக் கொத்தாக ரிமோட்டுகள், இதற்கெல்லாம் நடுவே குப்புறக் கிடந்தது. திருப்பினேன், அந்தச் சிவப்பு ஃபங்ஷன் கீகள் தெரிந்தன, அவ்வளவுதான், பேரம்கூட ஒழுங்காகப் பேசவில்லை. அடிப்பக்கத்தில் வெள்ளை பெயின்டில் ஏதோ ஒரு பள்ளியின் வரிசை எண் இருந்தது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் 1984-85 முதல் பள்ளிகளுக்கு வந்த மெஷின்களில் ஒன்றாக இருக்கவேண்டும்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கும் இதே மெஷின்தான் வந்தது. பள்ளியிலேயே ஏசி போட்ட ஒரே அறை அதுதான், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஸ்விட்ச் போட்டதும் தாழ்ந்த குரலில் ஒரு நீளமான 'பூ', அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கூர்மையாக ஒரு 'பீப்'. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. அதைத் திரும்பக் கேட்கவேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தேன், ஈரத்துணியால் துடைத்தேன், நேராகப் பிளக்கைச் சொருகிவிட்டேன். 'பூ' வந்தது. ஆனால் நிற்கவில்லை, 'பீப்' வரவும் இல்லை. குனிந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே இடது பக்கத்திலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, அப்புறம் மீனையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கருக்கியதுபோல ஒரு நாற்றம். கூடத்தில் இரண்டு நாள் அந்த நாற்றம் இருந்தது. நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன், அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் திறந்து பார்த்தால், போனது ஒரு சின்ன கெப்பாசிட்டர். அந்தக் காலத்து பவர் சப்ளைகள் பலவற்றில் மெயின்ஸ் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும், இரைச்சலை வடிகட்டுவதற்காக. மஞ்சள் நிறத்தில் கண்ணாடிபோல உறை, உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள். வருஷம் ஆக ஆக உறையில் மயிரிழை மாதிரி விரிசல் விழும், அந்த வழியாகக் காற்றின் ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டுமா? ஈரத்தில் ஊறிய காகிதத்தின் குறுக்கே 230 வோல்ட்டைக் கொடுத்தால் சூடாகி வெடிக்காமல் என்ன செய்யும். பக்கத்திலேயே அதன் தம்பி மாதிரி இன்னொன்று, வெடிக்கவில்லை, ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது உறை முழுக்க வறண்ட ஏரி மண் போல வெடிப்பு. பவர் போடுவதற்கு முன்னால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்திருந்தால் இரண்டையும் கண்டுபிடித்திருப்பேன்.

ரிச்சி தெருவில் 0.1 மைக்ரோஃபேரட் கேட்டதும் முதல் கடையில் சாதாரண கெப்பாசிட்டரைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். வாங்காதீர்கள். மெயின்ஸுக்குக் குறுக்கே போடுவதில் 'எக்ஸ்2' என்று அச்சடித்திருக்கவேண்டும், 275 வோல்ட் ஏசி என்றும் இருக்கவேண்டும். இரண்டு கடை தள்ளிக் கிடைத்தது, டீ காசுதான்.

இந்த முறை நிதானமாகச் செய்தேன். மதர்போர்டுக்குப் போகும் ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு பவர் சப்ளையைத் தனியாக வைத்து, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பார்களே சீரீஸ் போர்டு, அதில் 100 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, அப்படியே பிரகாசமாக நின்றால் உள்ளே ஷார்ட். மங்கியது. ஒரு பழைய பைக் பல்பை லோடாக மாட்டி அளந்தேன், 5 வோல்ட் சரியாக நின்றது. அதற்கப்புறம்தான் போர்டில் மாட்டினேன்.

மறுபடியும் அதே நிற்காத 'பூ'. இதற்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது. கரண்ட் வந்ததும் சவுண்ட் சிப் தானாகவே கத்த ஆரம்பிக்கும், பிராசசர் விழித்து வேலையைத் தொடங்கும்போது அதை அடக்கும். அடங்கவில்லை என்றால் பிராசசர் விழிக்கவில்லை.

இந்த மெஷினில் 6502 பிராசசர், நிரந்தர புரோகிராம்கள் இருக்கும் ரோம்கள், இன்னும் பல பெரிய ஐசிகள் சாக்கெட்டில்தான் இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரை ஒரு முனையில் கொஞ்சம், மறுமுனையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து 6502-ஐத் தூக்கினேன். கால்கள் எல்லாம் பெட்டியில் போட்டு மறந்த வெள்ளிக் கொலுசு மாதிரி கறுத்திருந்தன. அது உவமைக்காகச் சொல்வதல்ல, அக்காலத்து ஐசிகள் பலவற்றின் காலில் வெள்ளி முலாம்தான், கொலுசு கறுக்கும் அதே காரணத்தால்தான் இதுவும் கறுக்கிறது. பள்ளிக்கூட ரப்பரால் 40 கால்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன், சாக்கெட்டில் கான்டாக்ட் க்ளீனர் அடித்தேன், காயவிட்டுத் திரும்பச் சொருகினேன். ரோம்களுக்கும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போயிற்று.

சாயங்காலம் ஸ்விட்ச் போட்டேன். பூ... பீப்.

என் மனைவி சமையலறையிலிருந்து "வந்துடுச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பின்பக்கம் வீடியோவுக்கு பிஎன்சி சாக்கெட் இருக்கிறது, சிசிடிவி கேமராவுக்குப் போடும் அதே கனெக்டர், அதை மாட்டி டிவியில் கொடுத்தால் கறுப்புத் திரையில் வெள்ளையாக 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', கீழே 'பேசிக்'. அன்று நான் முதலில் அடித்தது என் பெயரைத்தான், எட்டாம் வகுப்பில் அடித்த மாதிரியே.

உங்கள் முதல் ஸ்விட்ச் எப்படி இருந்தது, சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

அண்ணா, என் கதை அடாப்டர் கதை. பெரியப்பா 1984-ல் லண்டனிலிருந்து கொண்டுவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற சின்ன வீட்டுக் கம்ப்யூட்டர், ரப்பர் கீ, 48கே. அதன் சொந்த அடாப்டர் எப்போதோ தொலைந்துவிட்டது. மெஷினில் 9 வோல்ட் என்று போட்டிருந்தது, வீட்டில் மோடத்தோடு வந்த 9 வோல்ட் அடாப்டர் ஒன்று இருந்தது, சொருகும் முனையும் பொருந்தியது, போட்டுவிட்டேன். ஸ்பெக்ட்ரமுக்கு நடுமுனை மைனஸ், வெளிவளையம் பிளஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். எனக்கு அது தெரியாது.

புகை எதுவும் வரவில்லை. சரியான அடாப்டர் தேடிப் போட்டபிறகு திரையில் கோடு கோடாக மட்டும் வந்தது. இதில் கீழ் 16கே-வுக்கு 4116 என்று எட்டு ராம் சிப்புகள், திரையின் படமும் அவற்றில்தான் இருக்கிறது. அந்தச் சிப்புக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வோல்ட்டேஜ் வேண்டும், அதைத் தயாரிக்கும் டிரான்சிஸ்டர் போனதும் ராமையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. எட்டையும் கழற்றினேன், மொத்தம் 128 கால், ஈயத்தைப் பம்பால் உறிஞ்சி உறிஞ்சி மூன்று ராத்திரி. சாக்கெட் போட்டேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன். ராமில் மூன்று செத்திருந்தது. இப்போது ஓடுகிறது. என் அடாப்டரின் மேல் மார்க்கரால் 'நடு மைனஸ்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிதாக வாங்குபவர்கள் தயவுசெய்து முதலில் மல்டிமீட்டரை அடாப்டரில் வையுங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து:

எங்கள் தெருவில் ஓர் அச்சகத்தைக் காலி செய்தபோது பரணில் இருந்த 386 பிசி என்னிடம் வந்தது. நான் நல்ல காலமாக முதலில் திறந்துதான் பார்த்தேன். போர்டின் ஓரத்தில் பீப்பாய் வடிவில் நீலமாக ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி, அதைச் சுற்றி மயில்துத்தம் பூத்தது மாதிரி பச்சையும் நீலமும். கசிந்தது காரம், செம்பு டிராக்கைத் தின்னும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தேன், நுரை அடங்கும்வரை. அப்புறம் சுத்தத் தண்ணீர், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரண்டு டிராக் அறுந்திருந்தது, மெல்லிய ஒயரால் பாலம் போட்டேன். புது பேட்டரிக்குக் கார்ட்லெஸ் போன் பேட்டரி போதும், அதே 3.6 வோல்ட். ஆனால் போர்டில் வைக்காதீர்கள், நீள ஒயர் போட்டு கேபினட்டில் ஒட்டுங்கள், நாளைக்கு அது கசிந்தாலும் போர்டு பிழைக்கும்.

பேட்டரி போனதால் ஹார்ட் டிஸ்க் விவரமும் அழிந்திருந்தது. டிஸ்க்கின் லேபிளில் இருந்த சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை, செட்டப் திரையில் நாமே நிரப்புவதற்கென்று இருக்கும் வகை 47-ல் கையால் போட்டேன். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் வந்தது. சொல்லவந்ததே இனிமேல்தான். ஸ்லாட்டில் ஒரு நீள கார்டு இருந்தது, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு. டாஸ் புரோகிராம்களில் இந்திய மொழிகளைக் காட்டுவதற்காக வந்தது. பட்டியல்களை வைத்துக்கொள்ளும் டிபேஸ் புரோகிராமைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தால், திரையில் தமிழ். அச்சகத்தார் நடத்திய ஒரு மாத இதழின் சந்தாதாரர் பட்டியல், பெயர், தெரு, சென்னை 600 005, வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. விண்டோஸ் இல்லை, யூனிகோடு இல்லை, அத்தனை எழுத்தும் கொம்பும் காலும் சரியாக. நான் ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாக வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். மறுநாளே டிஸ்க் முழுவதையும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் பிரதி எடுத்துவிட்டேன், அந்த டிஸ்க் எத்தனை நாள் சுற்றும் என்று யார் சொல்ல முடியும்.

முடிச்சூரிலிருந்து:

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் 486 கேபினட்டோடு இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. எல்லோரும் தூக்கிப்போடச் சொன்னார்கள். காய்ந்த சேறு உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும், அதனால் காயவிடாமல் உடனே நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கழுவினேன். பவர் சப்ளையும் ஹார்ட் டிஸ்க்கும் போனவை போனவைதான். போர்டை மட்டும் ஃபேனுக்கு அடியில் ஒரு மாசத்துக்கு மேல் வைத்திருந்தேன், தை பிறந்துதான் கரண்ட் கொடுத்தேன். வந்தது. இன்றும் ஓடுகிறது.

நங்கநல்லூரிலிருந்து:

திருவல்லிக்கேணி சார், அந்தப் பட்டியலை அச்சகத்தார் வீட்டில் யாருக்காவது காட்டினீர்களா? காட்டவில்லை என்றால் அவசியம் காட்டுங்கள். பெரம்பூர் தம்பி, உங்கள் ஸ்பெக்ட்ரமை ஒரு ஞாயிறு எடுத்துக்கொண்டு வாருங்கள், என் வீட்டில் பழைய டியூனர் டிவி ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. என் மைக்ரோவில் இப்போது ஸ்பேஸ் பார் மட்டும் மூன்றுக்கு ஒரு தடவை விட்டுவிடுகிறது, அதற்கான ஸ்விட்ச் யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.