தோட்டாப்பையும் தோள்வாரும்: போர்க்களத்தில் மாறிய காலாட்படைச் சாமான்கள்

பழைய படைச்சாமான் கைக்கு வந்தால் முதலில் தோட்டாப்பையின் அளவைப் பாருங்கள். எந்தத் துப்பாக்கிக்காகத் தைத்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிரிட்டன் படையின் 1908 மாதிரி வெபிங்கில், அதாவது தடித்த பருத்திப் பட்டையில் நெய்த சாமானில், இடுப்புக்கு இருபுறமும் ஐந்தைந்து சிறு பைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா கோத்த கிளிப் மூன்று, மொத்தம் 150 தோட்டா. பெல்ட், தோள்வார், பைகள், தண்ணீர்க் குப்பி எல்லாம் ஒன்றோடொன்று பூட்டியிருப்பதால் சட்டை மாதிரி ஒரேயடியாக மாட்டலாம், கழற்றலாம்.

அதன் குறை 1914இல் பதுங்குகுழிக்குள் இறங்கியதும் தெரிந்தது. மண்சுவரில் மார்பைச் சாய்த்துச் சுடும்போது இடப்பக்கப் பைகளின் மூடி உராய்ந்து பொத்தான் விட்டுவிடும். கிளிப்புகள் சேற்றில் விழும். பிறகு வந்தவற்றில் இடப்பக்கப் பைகளுக்குள் கிளிப்பை இறுக்கிப் பிடிக்க ஒரு சிறு வார் சேர்த்தார்கள். மூடியைத் திறந்து அந்த வாரைத் தேடுங்கள். முன்பு நெய்ததா, பின்பு நெய்ததா என்று சொல்ல இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

* * *

இதோடு 1914 தோல் மாதிரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரண்டு வந்த படைக்கு வெபிங் நெய்து தர ஆலைகளால் முடியவில்லை. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய தோல் பைகள் கொண்ட மாதிரி வந்தது. தோல் நனைந்தால் இளகி நீளும், காய்ந்தால் விறைத்து வெடிக்கும். வார்களில் துளை இருக்கும் இடம்தான் முதலில் கிழியும். வாங்குபவர்கள் அங்கே விரலால் மடக்கிப் பார்ப்பது நல்லது.

* * *

பிரிட்டனின் 1937 மாதிரியில் சிறு பைகள் போய்ப் பெரிய பை இரண்டு வந்ததற்குக் காரணம் பிரென் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கி. அதைத் தூக்குபவர் ஒருவர்தான், ஆனால் அதன் மேகசின்களை, அதாவது தோட்டா நிரப்பி மாட்டும் பெட்டிகளை, பிரிவில் உள்ள எல்லோரும் பகிர்ந்து சுமக்க வேண்டும். ஒரு பையில் இரண்டு மேகசின் நிற்கும்; தேவைப்பட்டால் அதிலேயே கையெறி குண்டும் வைக்கலாம். மேகசினில் 30 போகும் என்றாலும் 28தான் நிரப்புவது வழக்கம். அதில் போடும் .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் மாட்டினால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும்.

மாட்டும் முறையில் பலர் தவறுவது தோள்வாரில். ஒரு வாரில் மட்டும் வளையம் தைத்திருக்கும். மற்றதை அதற்குள் நுழைத்து முதுகில் குறுக்காக விட வேண்டும். இரண்டையும் நேராக விட்டால் தோளிலிருந்து சரியும். பைகள் நிரம்பி முதுகு காலியாக இருந்தால் பெல்ட் முன்னால் தொங்கும், பின்னால் ஏறும். சிறு முதுகுப்பையை மாட்டினால் சுமை சமன்படும்.

* * *

அமெரிக்கப் பெல்ட்டில் வேறு கதை. பத்துப் பை கொண்ட அதே பெல்ட்டில் பழைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கு ஒரு பையில் ஐந்து தோட்டா கிளிப் இரண்டு, மொத்தம் 100. அடுத்து காரண்ட் துப்பாக்கி வந்ததும் எட்டுத் தோட்டா கிளிப் பைக்கு ஒன்றுதான் கொண்டது. 80 ஆகக் குறைந்தது. மீதியைத் துணிப் பட்டையில் கழுத்தைச் சுற்றிப் போட்டார்கள்.

* * *

துப்பாக்கி மட்டுமல்ல, மழையும் சாமானை மாற்றியிருக்கிறது. பர்மாக் காடுகளில் 1937 மாதிரியின் பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்தது, மக்கியது. எனாமல் பூசிய தண்ணீர்க் குப்பி அடிபட்டுப் பூச்சு பெயர்ந்தால் அந்த இடத்தில் துருப்பிடிக்கும். இந்த அனுபவத்தில்தான் 1944 மாதிரி பிறந்தது: பச்சை நிறம், மக்காத பதம், குறைந்த எடை, அலுமினியக் குப்பி. இரண்டாம் உலகப் போரில் பயன்படும் முன் போரே முடிந்தது. அதன் பிறகு மலாயாவில் நடந்த சண்டையில்தான் அது நிறைய உழைத்தது.

அமெரிக்கர்கள் 1956 மாதிரியிலும் பருத்தியையே வைத்திருந்தார்கள், வியட்நாமில் அதே தொல்லை. பிறகு நைலானுக்கு மாறினார்கள். அதோடு 1956 மாதிரியின் பை எம்-14 துப்பாக்கியின் மேகசினுக்கு அளவெடுத்தது. பிறகு வந்த எம்-16 துப்பாக்கியின் குட்டையான மேகசின் உள்ளே ஆழமாக இறங்கிவிடும், அவசரத்தில் விரலுக்கு எட்டாது. அடியில் காயக்கட்டுத் துணிப் பொட்டலம் ஒன்றை வைத்து மேகசினை மேலே தூக்கி நிறுத்தினார்கள். எம்-16க்கென்று குட்டைப் பை வந்தது அதற்குப் பிறகுதான்.