வழுவழுப்பான படலத்துக்கு அடியில் சிறுநீர்ப்பைக் கட்டி: இரண்டு மருத்துவர்களின் அனுபவம்

சிறுநீரகவியல் மருத்துவர்:

நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, முக்கினால்தான் சிறுநீர் வருகிறது, அதுவும் சன்னமாக இறங்குகிறது என்ற குறையோடு வந்தார். நீர்க்கடுப்பு என்று கருதி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தார். ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் கழுத்தருகே உருண்டையான கட்டி ஒன்று தெரிந்ததும், குடும்பமே அதைப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டது.

சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா குழாயைச் செலுத்தும் சிஸ்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது, அங்கே வழக்கமான புற்றுநோயில் காணும் பாசி போன்ற துளிர்கள் இல்லை. இயல்பான, வழுவழுப்பான சளிப்படலத்தை அடியிலிருந்து தள்ளிக்கொண்டு கட்டி எழும்பி நின்றது. எம்.ஆர்.ஐ.யின் டி2 என்ற வகைப் படங்களில் அது தசையைப் போலவே கறுத்து, விளிம்பு தெளிவாக இருந்தது. கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டின் இனத்தைச் சேர்ந்த லியோமயோமா என்ற மென்தசைக் கட்டியாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியது. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் இது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் லியோமயோசார்கோமா என்ற புற்று வகையும் படத்தில் ஏறத்தாழ இப்படியே தெரியக்கூடும் என்பதால், படத்தை மட்டும் நம்பி நோயாளிக்கு உறுதி கூறுவது எனக்கு உடன்பாடில்லை.

சிறுநீர்ப் பாதை வழியாகவே கட்டியைச் செதுக்கி எடுத்து அனுப்பினோம். செல் பிரிவு மிகையாக இல்லை, திசு அழிவும் இல்லை, தசைக்குரிய புரதங்களான ஆக்டின், டெஸ்மின் இரண்டும் பாசிட்டிவ் என்று நோய்க்குறியியல் அறிக்கை வந்த பிறகே, "இது கேன்சர் இல்லை அம்மா" என்று அவரிடம் சொன்னேன். கட்டி பெரிதாகவோ சுவருக்குள் புதைந்தோ இருந்தால், லேப்ராஸ்கோப்பி மூலம் அதை மட்டும் குடைந்தெடுக்கலாம். அல்லது சிறுநீர்ப்பையின் அந்தப் பகுதியை மட்டும் நீக்கலாம். முழுப் பையையும் எடுக்க வேண்டியதில்லை.

மயக்கவியல் மருத்துவர்:

மேலே சொல்லப்பட்ட அதே வழுவழுப்பான படலத்துக்கு அடியில், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கக்கூடிய பாராகாங்கிலியோமா என்ற கட்டியும் மறைந்திருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். சிறுநீரில் ரத்தம் கலந்து வந்த ஒரு இளைஞருக்கு, கட்டியைச் செதுக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே ரத்த அழுத்தம் 240ஐத் தொட்டது; கருவியை எடுத்ததும் இறங்கியது; மீண்டும் தொட்டதும் ஏறியது. அறுவையை அத்துடன் நிறுத்தினோம்.

மறுநாள் நிதானமாக விசாரித்தபோது, சிறுநீர் கழித்த உடனே மண்டையைப் பிளக்கும் தலைவலியும் படபடப்பும் வியர்வையும் வரும் என்றும், ஒருமுறை கழிவறையிலேயே மயங்கி விழுந்ததாகவும் கூறினார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ரத்தத்தில், அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினின் அளவு பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரையும், உப்பும் நீர்மமும் தாராளமாகக் கொடுத்து அழுத்தத்தை நிலைப்படுத்தினோம். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கரை அதற்குப் பிறகே சேர்த்தோம். ஆல்ஃபாவுக்கு முன் பீட்டாவைக் கொடுத்தால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் எகிறிவிடும். பின்னர் கட்டியிருந்த பகுதியை மட்டும் நீக்கிய அறுவை அமைதியாக முடிந்தது.

இதைத் தீங்கற்ற கட்டி என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. 2017 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, எல்லாப் பாராகாங்கிலியோமாக்களையும் பரவும் வாய்ப்புள்ளவையாகவே கருதுகிறது. ஆகவே மரபணுப் பரிசோதனையும், ஆண்டுதோறும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனையும் அவருக்குத் தொடர்கின்றன. சிறுநீர்ப்பைக் கட்டிக்கு மயக்கம் கொடுக்கும் முன், சிறுநீர் போனதும் தலை வலிக்கிறதா என்று இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். ஆம் என்றால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பயாப்சியைக்கூடத் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.