செந்தோசாவா, உபினா: எந்தத் தீவு எல்லோருக்குமானது?

தெலுக்பிளாங்காவாசி:
செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள். அதையொட்டி நம் சிங்கப்பூர்த் தீவுகளைப் பற்றிப் பேசலாம் என்று இந்தத் திரியைத் தொடங்குகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செந்தோசாவைத் தாராளமாகக் கொண்டாடலாம். வெள்ளைக்காரர்கள் பீரங்கி வைத்திருந்த பிளாக்காங் மாத்தி (செந்தோசாவின் பழைய பெயர்), 1972க்குப் பிறகு மக்கள் பொழுதுபோக்கும் தீவாக மாறியது. 2030க்குள் கரிம நடுநிலை என்று இலக்கு வைத்து வேலை நடக்கிறது. 2023ல் சிங்கப்பூர் முழுவதுமே உலக நீடித்த சுற்றுலா மன்றத்தின் அளவுகோல்படி சான்றிதழ் வாங்கியது. ஒரு நாடு முழுமையாக அதை வாங்கியது அதுவே முதல் முறை. காசு விஷயத்துக்கு வந்தால், விவோசிட்டி கடைத்தொகுதி பக்கத்து நடைபாலம் வழியாக நடந்து போனால் நுழைவுக் கட்டணமே கிடையாது. மோனோரயில் நாலு வெள்ளி (டாலர்). உள்ளே பேருந்து இலவசம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சாங்கிக்காரன்:
சான்றிதழைப் படித்தால் போதுமா அண்ணே, மண்ணைப் பார்க்க வேண்டாமா? செந்தோசா கடற்கரை மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. கரையோரத்தில் ஒரு பகுதி, கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அங்கே கம்பத்தில் (கிராமத்தில்) வாழ்ந்த மலாய்க் குடும்பங்கள் உங்கள் தெலுக் பிளாங்கா அடுக்குமாடிகளுக்குத்தான் மாற்றப்பட்டார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் ‘எல்லோருக்கும்’ என்று சொல்லலாம்.

நான் கொண்டாடுவது உபினைத்தான். அங்குள்ள கடலோரச் சதுப்புப் பகுதியான செக் ஜாவாவைத் தூர்க்கும் திட்டம் கிட்டத்தட்ட கையெழுத்தாகிவிட்டிருந்தது. இயற்கை ஆர்வலர்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், அங்கே இருக்கும் உயிர்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. இன்றைக்கும் நீர் இறங்கியதும் போய்ப் பாருங்கள். கடற்புல் தரையோடு படுத்திருக்கும். நடுவில் கடற்சாமந்தி, மண்ணைக் கக்கிக்கொண்டிருக்கும் சின்ன நண்டு. நாலு வெள்ளி கொடுத்தால் பம்போட்டில் (சின்ன மோட்டார் படகில்) போய்விடலாம். காலைக்கூட நீட்டலாம், யாரும் எதையும் விற்க வரமாட்டார்கள்.

ஈசூன்மகள்:
சாங்கி அண்ணனிடம் ஒரு கேள்வி. அந்தப் பம்போட்டில் என் அம்மா எப்படி ஏறுவார்? பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். படகின் விளிம்பைத் தாண்டிக் குறுகிய படியில் இறங்க வேண்டும். படகு ஆடிக்கொண்டே இருக்கும். படகோட்டிகள் நல்லவர்கள், தூக்கிவிடவும் செய்கிறார்கள். ஆனால் எழுபது வயதுப் பெண்மணியை முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவது அவருக்கு எப்படி இருக்கும்? “வேண்டாம்டி, வீட்டுக்குப் போவோம்” என்று அம்மா சொன்னது அந்தப் படகுத்துறையில்தான்.

செந்தோசாவில் அம்மாவை சிலோசோ கோட்டை வான்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு மாடி உயரம், மின்தூக்கி இருக்கிறது, காசு கிடையாது. 181 மீட்டரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போகலாம். மரங்களின் தலைக்கு மேலிருந்து கடலைப் பார்த்தார். அங்கே போக 123ம் எண் பேருந்தே போதும்.

தெலுக்பிளாங்காவாசி:
இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி அம்மா.

ஈசூன்மகள்:
அண்ணே, அதற்காக நான் உங்கள் பக்கம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். மணலில் இறங்கினால் நாற்காலியின் முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிடும். பின்னோக்கித் திருப்பி இழுத்துப் பார்த்தேன், பத்தடிகூடப் போகவில்லை. அம்மாவின் கால் இன்னும் கடல் தண்ணீரில் படவில்லை.

குழியில்நிற்பவன்:
வணக்கம். திருவாரூர்ப் பக்கம். தோட்ட வேலை பார்க்கிறேன், செந்தோசாவிலும் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் வருகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். விடியற்காலையில் அலை ஒதுக்கிய பாட்டில், கயிறு, செருப்பு எல்லாவற்றையும் வாரிச் சுத்தம் செய்வது என்னைப் போன்றவர்கள்தான். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் இடித்து, எண்ணெய்க் கப்பலிலிருந்து நானூறு டன் எண்ணெய் கொட்டியதே, அது செந்தோசா கரைக்கும் வந்தது. அந்தக் கறுப்பு மணலை அள்ளினவர்கள் பெரும்பாலும் வேலைக்காரர்கள். தொண்டூழியர்களும் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்றைக்கு அதே கரையில் போய் உட்காருவேன். யாரும் துரத்தியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தண்ணீர் பாட்டில் வாங்கும்போது விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். நிழலும் குடிதண்ணீரும் இன்னும் கொஞ்சம் இருந்தால் நாங்களும் குடும்பக்காரர்களும் ஒரே இடத்தில் உட்காரலாம்.

சாங்கிக்காரன்:
தம்பி சொன்னது மனதில் தைக்கிறது. தங்கச்சி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். உபினில் ஒரு சாய்தளம் கட்டினால் போதும் என்று தோன்றும். அதற்குப் பின்னால் பெரிய படகு வரும், பெரிய படகு வந்தால் கூட்டம் வரும், கூட்டத்துக்குக் கடை வரும். உபின் இப்படி இருப்பதற்கே காரணம், பம்போட்டில் பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது என்பதுதான். அந்தப் பன்னிரண்டு என்ற எண் தீவைக் காவல் காக்கிறது.

ஈசூன்மகள்:
அந்தப் பன்னிரண்டில் ஒரு இடத்தைத்தான் நான் கேட்கிறேன், பதின்மூன்றாவதை அல்ல.

சாய்தளம் இயற்கையைக் கெடுக்கும் என்றால் செக் ஜாவா நடைபாதையை என்ன சொல்வீர்கள்? ஒரு கிலோமீட்டருக்கு மேல் கட்டி 2007ல் திறந்தார்கள். கடற்புல்லை மிதிக்காமல் மனிதர்கள் பார்க்க வேண்டும் என்றுதானே கட்டினார்கள்? அந்தப் பலகை மேல் நாற்காலி உருளும். அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. படகுத்துறையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல். வேனில் ஏற வேண்டும், அங்கேயும் படி.

தெலுக்பிளாங்காவாசி:
எனக்குச் செந்தோசாமேல் ஒரே ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பேர் வந்து போடும் குப்பையை எரித்த சாம்பல் போவது புலாவ் செமாக்காவுக்கு. கடலில் ஏழு கிலோமீட்டர் கல்லணை கட்டி 1999ல் தொடங்கிய குப்பைக் கிடங்கு அது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். அந்தத் தீவையும் கணக்கில் சேர்த்துத்தான் ‘பசுமை’ என்று பேச வேண்டும். ஆனாலும் ஒரு கோடி பேர் உபினுக்குப் போய் நின்றால் என்ன ஆகும்? கூட்டத்தைத் தாங்க ஒரு தீவு தேவை. செந்தோசா அதைச் செய்கிறது.

சாங்கிக்காரன்:
கூட்டத்தைத் தாங்குவதுதான் புண்ணியம் என்றால் செயின்ட் ஜான்ஸ் தீவையும் கேளுங்கள். 1874லிருந்து அது தொற்றுநோய்த் தனிமை முகாமாக இருந்தது. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலில் வந்து அங்கே இறக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டவர்கள். இன்றைக்கு மக்கள் பாலத்தைத் தாண்டி லாசரஸ் தீவுக்கு நீந்தப் போகிறார்கள். தமிழில் ஒரு பலகை இருந்தால் அங்கே நம் பிள்ளைகள் நின்று படிப்பார்கள். இதற்கு மணல் கொட்ட வேண்டாம், சாய்தளமும் வேண்டாம்.

தங்கச்சி, படகு விஷயத்தில் என் பயம் அப்படியேதான் இருக்கிறது. வேனுக்குச் சாய்தளம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஈசூன்மகள்:
வேன் வரை போய்ச் சேரப் படகு வேண்டுமே அண்ணே. தேசியப் பூங்காக் கழகத்துக்கு எழுதுகிறேன்: இரண்டு படகில் மட்டும் மடித்து வைக்கும் சாய்பலகை, முன்பதிவு செய்தால் போதும், பயணிகள் எண்ணிக்கை பன்னிரண்டேதான். தோட்ட வேலை பார்க்கும் தம்பி, செந்தோசாவுக்கு எழுதும் கடிதத்தில் நிழலையும் குடிதண்ணீரையும் சேர்க்கிறேன். எந்தக் கரையில் எந்த இடம் என்று எழுதி அனுப்புங்கள்.

குழியில்நிற்பவன்:
பலவான் கரை, நடுப்பகுதி அக்கா. மதியம் அங்கேதான் வெயில் அடிக்கும்.