மறு: ‘தவறுத் தண்டனை’ வேண்டாம் – சண்டை ஆட்டச் சொற்கள்

அண்ணே, வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். இருவர் மோதும் வீடியோ கேம் சண்டை ஆட்டங்களுக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்கள் இவை:

> ஃபிரேம் – சட்டகம். ஸ்வீப் – கால்வாரி. ஸ்டார்ட்டப் – தொடக்க நேரம். ஆக்டிவ் – செயல் நேரம். ரெகவரி – மீட்பு நேரம். விஃப் பனிஷ் – தவறுத் தண்டனை. புதிதாக ஆட வருகிற பிள்ளைகளுக்கான கையேட்டில் இவற்றையே வைத்துக்கொள்ளலாமா?

திரையில் ஓடும் ஒவ்வொரு படத்துக்கும் ‘சட்டகம்’ சரி. ஆளை விழத்தட்டும் உதைக்குக் ‘கால்வாரி’ அருமை, அதைத் தொடவே வேண்டாம். மற்ற நான்கிலும் எனக்குத் தடை இருக்கிறது.

முதலில் ‘மீட்பு’. நம் கரையில் மீட்பு என்றால் கடலுக்குப் போய்த் திரும்பாதவரைத் தேடிக் கொண்டுவருவது. அந்தச் சொல் காதில் விழுந்தால் வீட்டுப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அடித்த கை பழைய இடத்துக்கு வந்து சேர்வதற்கு அதை வைக்க மனம் வரவில்லை.

‘தவறுத் தண்டனை’ அதைவிடச் சிக்கல். எதிரி வீசிய அடி படாமல் போனதும் திருப்பி அடிப்பதுதானே விஃப் பனிஷ்? யார் தவறு, யார் தண்டிக்கிறார் என்று பிள்ளை யோசிப்பதற்குள் சுற்று முடிந்துவிடும். அந்தச் சொல்லில் காலமும் இல்லை. எப்போது அடிக்கணும் என்பதுதானே அங்கே முழுப் பாடமும்.

இதை அக்கா மகனிடமிருந்து தெரிந்துகொண்டேன். தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். பள்ளியும் விடுமுறை. கூட்டாளி வீட்டுப் பிளேஸ்டேஷனை இரவல் வாங்கி வந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதல் மூன்று நாளும் எல்லாப் பொத்தானையும் படபடவென்று அமுக்கினான். நான்காம் நாள் யூடியூபைப் பார்த்து நீளமான காம்போ (இடைவிடாத தொடர் அடி) ஒன்றை மனப்பாடம் பண்ணினான். பயிற்சியறையில் அசையாமல் நிற்கும் பொம்மையிடம் அழகாக வந்தது. இணையத்தில் ஆள் எதிரே வந்ததும் முதல் அடியே படவில்லை. முதல் அடி படாவிட்டால் மீதி அடிகளுக்கு வேலை ஏது? “மாமா, எனக்கு இது வராது” என்று கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

காம்போ என்பதே 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது செய்தவர்கள் திட்டமிட்டு வைத்ததில்லை, தானாக வந்து சேர்ந்தது. அடி படுகிற தூரத்துக்கும் படாத தூரத்துக்கும் இடையே நின்று விளையாடுவதுதான் ஆட்டத்தின் உயிர். புதியவருக்குக் காம்போவை முதலில் கொடுப்பது நீந்தத் தெரியாதவனுக்கு முத்துக் குளிக்கச் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

அதனால் அவனுக்கு ஒரே வேலை கொடுத்தேன். இரண்டு பக்கமும் ரியூ என்ற ஒரே வீரன். எதிரே இருக்கும் பொம்மைக்குக் கால்வாரியைப் பதிவு செய்து திரும்பத் திரும்பப் போட வைத்தேன். அவன் கையில் ஒரே ஒரு பொத்தான், குனிந்து உதைக்கும் நடுத்தர உதை. கால்வாரியின் நுனிக்கு அரையடி வெளியே நிற்கணும். அது காற்றில் போனதும் உள்ளே வந்து உதைக்கணும். அவ்வளவுதான். ஆனால் பயல் ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டான், இல்லாவிட்டால் பிந்தினான். “ரெகவரியில அடிடா” என்று நானும் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

மச்சான் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கண்ட்ரோலரைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர். சின்ன வயதில் ஊர் அணியில் கபடி ஆடியவர். ஊசியை வலையிலேயே குத்திவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “டேய், அவன் வாறப்ப போகாத. தொட்டுட்டுத் திரும்பையில புடி.”

அடுத்த உதை பட்டது. அதற்கடுத்ததும் பட்டது. திரையில் ‘பனிஷ் கவுண்டர்’ என்று எழுத்து வந்தது. பயல் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தான்.

கபடியில் பாடி வருகிறவன் முன்னுக்கு வரும்போது பாய்ந்தால் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். கோட்டை நோக்கித் திரும்புகிற அந்த நொடியில் அவன் பாரமெல்லாம் ஒரு காலில் இருக்கும், அப்போதுதான் பிடி விழும். சண்டை ஆட்டத்திலும் இதேதான். ஒரு நொடிக்கு 60 சட்டகம். ரியூ நின்றபடி போடும் லேசான குத்து நாலாவது சட்டகத்தில் படும், அதைக் கண்ணால் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. டிரைவ் இம்பாக்ட் என்ற பெரிய அடி 26 சட்டகம் எடுக்கும். அரை நொடிக்கும் குறைவு என்றாலும் பழகினால் கண்டு பதில் கொடுக்கலாம். எந்த அடியானாலும் அதற்கு மூன்று பகுதி உண்டு. இதோ என் முன்மொழிவு:

கை ஓங்கும் பகுதி ஓங்கல். அடி படக்கூடிய பகுதி படல். கை திரும்பி வரும் பகுதி மீளல்.

“கைய ஓங்காத” என்று அம்மா அதட்டிக் கேட்காத பிள்ளை உண்டா? அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் ‘தொடக்க நேரம்’ எதற்கு? பயிற்சியறையில் சட்டகப் பட்டையைப் போட்டுவிட்டால் ஓங்கல் பச்சையாகவும் படல் சிவப்பாகவும் மீளல் நீலமாகவும் ஓடும். “நீலத்துல புடி” என்றால் புதியவருக்கு உடனே விளங்குகிறது. ஓங்கும்போதே அடித்தால் ஆட்டம் வெறும் ‘கவுண்டர்’ என்று எழுதும், மீளலில் அடித்தால்தான் ‘பனிஷ் கவுண்டர்’. திரையே இரண்டையும் பிரித்துச் சொல்லும்போது நம் சொல்லும் பிரித்துச் சொல்லணும்.

விஃப் என்பதற்கு வெறுவீச்சு. கம்பு வீச்சு, வலை வீச்சு, கை வீச்சு மூன்றும் நமக்குப் பழக்கம். விஃப் பனிஷுக்கு மீள்பிடி.

ஜப்பான்காரர்கள் இதை ‘சஷிகயேஷி’ என்கிறார்கள். நீட்டியதற்குத் திருப்பி நீட்டுவது என்று பொருள். இரண்டு பேருக்கு நடுவே உள்ள தூரத்துக்கு அவர்கள் சொல்லும் ‘மஆய்’ அவர்களுடைய வாள்கலையான கெண்டோவிலேயே இருக்கும் சொல். அவர்கள் தங்கள் களத்திலிருந்து எடுத்தார்கள். நமக்குச் சிலம்பமும் கபடியும் இருக்கின்றன.

– பாம்பன்

———

தம்பி,

மச்சான் சொன்னதை இரண்டு தரம் படித்தேன். மீட்பு நேரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் அந்தச் சொல் உறுத்துகிறது.

ஓங்கல், படல், மீளல் மூன்றுக்கும் சம்மதம். வெறுவீச்சுக்கு முதலில் ‘வெற்றடி’ என்று நினைத்தேன், இலக்கணம் சுத்தம். பேத்தியிடம் காட்டினேன், ‘வெற்றி அடி’ என்று படித்தாள். அதனால் வெறுவீச்சே இருக்கட்டும்.

‘மீள்பிடி’யில்தான் இடிக்கிறது. மீள்பார்வை, மீள்பதிவு, மீள்சுழற்சி என்று ‘மீள்’ முன்னால் வந்தால் ‘மறுபடியும்’ என்றே இன்று படிப்பார்கள். விட்டதை மறுபடி பிடிப்பது என்று ஆகிவிடும். போதாததற்கு ஒரு எழுத்து மாறினால் மீன்பிடி! அச்சில் திருத்துபவர் பிழை என்று எண்ணி மாற்றியே விடுவார்.

இன்னொன்று. இந்த ஆட்டத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடுவார்கள், இவ்வளவு மெனக்கெடணுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். உங்கள் பதில் வேண்டும்.

– கீழக்கரை

———

அண்ணே,

கடைசிக் கேள்விக்கு முதலில். டெக்கன் இன்னொரு சண்டை ஆட்டம். அது என்றால் ஜப்பான், கொரியா என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019-ல் லாகூரிலிருந்து போன அர்ஸ்லான் ஆஷ், டெக்கன் 7-ல் ஈவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டியை ஜப்பானிலும் லாஸ் வேகாஸிலும் ஒரே ஆண்டில் ஜெயித்தார். பாகிஸ்தானை அதுவரை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. நம் கரைப் பிள்ளை ஆடமாட்டான் என்று முன்கூட்டியே சொல்ல நாம் யார்? ஒருவன் ஆடினாலும் அவனுக்குப் புரிகிற சொல்லில் சொல்லித்தருவது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

‘மீள்’ பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. மீளல் என்ற பெயரையே முழுதாக வைத்துப் புணர்த்தினால்? மீளல் + பிடி, மீளற்பிடி. ‘மறுபடியும்’ என்ற பொருள் போய்விடுகிறது, மீளலில் விழும் பிடி என்பது நிற்கிறது. மீனும் போய்விடுகிறது.

‘ற்ப்’ வாயில் வருமா என்று சந்தேகம் இருந்தது. நேற்று மாலை கடற்கரையில் சிலம்பம் பழகுகிற இடத்துக்குப் போனேன். வாத்தியார் ஒரு பையனை எதிரே நிறுத்தியிருந்தார். அவன் வீசிய கம்பு வந்தபோது அவர் தடுக்கவில்லை. பின்காலை மட்டும் அரைச்சாண் இழுத்தார். கம்பு அவர் சட்டைப் பொத்தானுக்கு முன்னால் விர்ரென்று போனது. போன கம்பு திரும்புவதற்குள் அவர் கம்பின் நுனி பையனின் மணிக்கட்டில் பூவாகத் தொட்டு நின்றது. மணல்கூடக் கலையவில்லை. கூட வந்திருந்த அக்கா மகன் என் முழங்கையை இடித்து, “மாமா, மீளப்பிடி” என்றான்.

எழுத்தில் மீளற்பிடி, பேச்சில் மீளப்பிடி. வேறு யாருக்கும் தடை இல்லையென்றால் கையேட்டில் ஏற்றிவிடுங்கள். அடுத்தது விழுந்தவன் எழும்போது போடும் அடி. ஜப்பானியத்தில் ‘ஒகிசெமெ’, எழும்போது தாக்குவது. எனக்கு ‘எழுமுன்னடி’ தோன்றுகிறது, ஆனால் திருப்தியில்லை.

– பாம்பன்