ஃபெரட்டுக்கு வாலிலிருந்து முடி கொட்டுகிறது, அட்ரினல் நோயா?

ஒஹாயோவாசி:
எங்கள் ஃபெரட் (கீரி மாதிரி இருக்கும் வளர்ப்புப் பிராணி) ஜிலேபிக்கு 4 வயது, பெண். (ஊரில் அம்மா இன்னும் "அந்தக் கீரி எப்படி இருக்கு" என்றுதான் விசாரிப்பார்.) கடையில் வாங்கும்போதே கருத்தடை முடித்து, காதில் இரண்டு புள்ளி பச்சை குத்தியிருந்தார்கள். பிப்ரவரியில் வாலடியில் முடி கொட்ட ஆரம்பித்தது. இப்போது இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கை, ஓயாத சொறிச்சல். முதலில் பார்த்த டாக்டர் தெள்ளுப்பூச்சி என்று மருந்து தடவி அனுப்பிவிட்டார். நான் போடும் தீனிதான் காரணமா? வீட்டில் ராத்திரி 11 வரை விளக்கு எரியும், அதனாலா?

கூண்டுக்காரி:
சின்னப் பிராணிகள் கிளினிக்கில் 6 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். தீனியை விடுங்கள். சினைப்பையை எடுத்துவிட்டால், "போதும், நிறுத்து" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் இல்லாமல் போகிறது. மூளை, சினைப்பையைத் தூண்டும் எல்எச் ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வாங்கிக்கொள்ள மிச்சம் இருப்பது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பிதான். வருடக்கணக்கில் தூண்டப்பட்டு வீங்கி, சிலதில் கட்டியே ஆகிவிடும். சுரப்பது பாலின ஹார்மோன்கள். நாய்களின் குஷிங் நோயில் அட்ரினல் அதிகமாகச் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் இல்லை. அதனால் வெறும் கார்ட்டிசால் டெஸ்டை நம்பி உட்காராதீர்கள். பிறப்புறுப்பு வீங்கியிருக்கிறதா பாருங்கள், கருத்தடை ஆன பெண்ணுக்கு அது பெரிய துப்பு.

விளக்கையும் சந்தேகப்படலாம். பகல் நீண்டால் இனப்பெருக்கக் காலம் என்று எடுத்துக்கொள்ளும் பிராணி இது. அந்தத் தூண்டுதலை அடக்கும் மெலட்டோனின் ஹார்மோன் சுரக்க இருட்டு வேண்டும்.

ஒஹாயோவாசி:
அப்படியென்றால் கருத்தடையே செய்யாமல் விட்டிருக்கலாமா அக்கா?

கூண்டுக்காரி:
அதுவும் ஆபத்து. ஆணோடு சேராத பெண் ஃபெரட்டுக்குப் பருவம் அடங்காது. ஈஸ்ட்ரோஜன் ஏறி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தசோகையில் உயிரே போகும். ஆனால் அமெரிக்காவில் சில வாரக் குட்டிக்கே கத்தி வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றுகூண்டு:
என் ஆண் ஃபெரட்டுக்கும் இதே அட்ரினல் நோய்தான்; முடி பெரிதாகக் கொட்டவில்லை, நானும் அசட்டையாக இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்திரம் அடைத்துக்கொண்டது. அந்த ஹார்மோன்களால் மூத்திரக்குழாயைச் சுற்றியுள்ள புராஸ்டேட் சுரப்பி வீக்கம், அவசர சிகிச்சை, நல்ல செலவு. வலது அட்ரினல் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருப்பதால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று டெஸ்லோரெலின் என்ற மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் இம்பிளான்ட் (சின்னக் குச்சி) 4.7 மில்லிகிராம் தோலுக்கடியில் வைத்தோம். அடைப்பு திரும்ப வரவில்லை. கட்டி இருந்தால் இது அதைக் கரைக்காது, ஹார்மோனைத்தான் அடக்கும். மருந்து தீர்ந்ததும் மறுபடி வைக்க வேண்டும்.

ஒஹாயோவாசி:
பார்த்தேன், வீக்கம் இருக்கிறது. வியாழக்கிழமை அல்ட்ராசவுண்ட், இந்த முறை வேறு டாக்டர். நேற்றிலிருந்து 8 மணிக்கே கூண்டுக்கு மேல் போர்வை. ஜிலேபிக்கு அது துளியும் பிடிக்கவில்லை.