விசில் அடித்தது ஆள் இல்லை

நாங்குநேரியான்:
ஓமனின் தெற்கே சலாலாவில் எட்டு வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு நாள் முக்சைல் கடற்கரையில் வண்டியை ஓரங்கட்டி, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றும்போது மேலே யாரோ நீட்டி விசில் அடித்தார்கள். நம்ம பையன்கள் தெருமுனையில் நின்று அடிப்பார்களே, அதே இழுப்பு. அண்ணாந்து பார்த்தால் செங்குத்துப் பாறை, ஆள் ஏற வழியே கிடையாது. கருப்பாக இரண்டு பறவைகள்தான் உட்கார்ந்திருந்தன. காக்கா என்று நினைத்து டீயைக் குடித்தேன். அப்புறம் ஒன்று பறந்தது. விரித்த இறக்கையில் செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்தது. உட்கார்ந்ததும் பழையபடி கருப்பு.

மற்றதுக்குத் தலை சாம்பல் நிறம். வேறு சாதி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், அது பெட்டையாம். சேவலுக்குத் தலையும் மினுமினுக்கும் கருப்பு. பெயர் டிரிஸ்ட்ராம் ஸ்டார்லிங். 1906இல் இறந்த ஹென்றி பேக்கர் டிரிஸ்ட்ராம் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயர் அது. நம்ம மைனாவுக்குச் சொந்தம்தான். சாக்கடல் ஓரத்திலும் அரேபியாவின் மேற்கு, தெற்கு மலைகளிலும் இருக்கிறது. கூடு பாறை இடுக்கில். பழம், பூச்சி எல்லாம் தின்னும். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதைப் பார்த்தபோது ஊர் எருமையும் மைனாவும்தான் நினைவுக்கு வந்தன.

குளக்கரை:
அண்ணாச்சி, நான் கூந்தன்குளம் பக்கம். மார்கழிச் சாயங்காலத்தில் இங்கே புகை மாதிரி சுழன்று சுழன்று அடைகிற சோளப்பட்சியும் ஸ்டார்லிங்தானே? அது பாறைப் பக்கமே போய் நான் பார்த்ததில்லையே.

நாங்குநேரியான்:
ஆமாம் தம்பி, சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். உடம்பு ரோஸ், தலையும் இறக்கையும் கருப்பு. இங்கே அது விருந்தாளி, கூடு கட்டாது. வெயில் ஏறினால் மத்திய ஆசியா பக்கம் போய்விடும். அங்கே கற்குவியல் சந்திலும் பாறை இடுக்கிலும் கூட்டங்கூட்டமாக முட்டையிடும்.

மேலப்பாளையத்துக்காரன்:
சவூதியில் அபஹா மலையில் இருந்தபோது எனக்கும் இந்த விசில் பழக்கம், அண்ணாச்சி. ஒரு நாள் வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறேன், ஜன்னல் பக்கம் வந்து அடித்துவிட்டது. "பக்கத்துல யாரு?" என்றாள். பறவை என்றேன். இன்றுவரை நம்பவில்லை.