ஈமோகுளோபின் பாடத்துக்கு உதவி வேண்டும்: களுவாஞ்சிகுடி பக்கம் யாராவது?

வணக்கம். களுவாஞ்சிகுடியில் உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இப்போது குருதிச் சுற்றோட்டம் போகிறது. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கிற புரதம்தான் ஈமோகுளோபின். அதன் ஒரு மூலக்கூறில் நான்கு ஹீம் கூறுகள், ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு, ஆக நான்கு ஒட்சிசன் மூலக்கூறுகள். இதுவரை சரி. சிக்கல், சுற்றிலும் ஒட்சிசன் கூடக்கூட ஈமோகுளோபின் எவ்வளவு நிரம்பும் என்று காட்டுகிற அந்த 'எஸ்' வடிவ வளையியில்தான்.

"நுரையீரலில் இறுக்கிப் பிடிக்கிற ஒட்சிசனைத் தசையில் ஏன் டீச்சர் விடுது?" என்று பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அருமையான கேள்வி. முதல் ஒட்சிசன் ஒட்டியதும் மூலக்கூறின் வடிவமே மாறி, அடுத்தது இலகுவாக ஒட்டும். வேலை செய்கிற தசையில் காபனீரொட்சைட்டும் அமிலத்தன்மையும் வெப்பமும் கூடுவதால் பிடி தளரும். காபனீரொட்சைட்டின் இந்த விளைவை 1904இலேயே டென்மார்க் உடலியலாளர் கிறிஸ்டியன் போர் காட்டிவிட்டார். ஓய்வாக இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் குருதியில்கூட ஈமோகுளோபின் ஏறத்தாழ 75 சதவீதம் நிரம்பியே இருக்கும். அந்த மிச்சம்தான் ஓடும்போது கைகொடுக்கிறது. இதையெல்லாம் வரைந்து சொன்னேன். தலையாட்டினார்கள், முகத்தில் தெளிவில்லை. பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

விரலில் மாட்டிக் குருதியின் ஒட்சிசன் நிரம்பலைப் பார்க்கிற பல்ஸ் ஒக்ஸிமீட்டர் ஒரு நாள் இரவல் கிடைக்குமா? கொரோனா நேரம் வாங்கியது அலுமாரியில் கிடந்தாலும் போதும். அப்புறம், ஆட்டு இரத்தத்தைச் சோடியம் சித்திரேற்று சேர்த்து உறையாமல் வைத்து, காற்றூட்டி நிறமாற்றம் காட்டிய ஆசிரியர்கள் இருந்தால் அளவையும் பாதுகாப்பு முறையையும் சொல்லுங்கள். மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிற தம்பி, தங்கச்சிமார் ஒரு மாலை வந்து பேசினால் பெரிய உதவி. பஸ் காசு நான் தருகிறேன். இன்பொக்ஸில் சொன்னாலும் சரி.